மூணு சாண் கம்பி

மணி ஆறே முக்கால். பத்தரைக்குத் தொட்டில். கம்பி இன்னும் வெட்டல. கட்டிலுக்குக் குறுக்க நாலரை அடிக்குக் காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, நீயாடி என்னைய வெட்டப்போறன்னு கேக்குற மாதிரி கெடக்கு. நாந்தேன். ஒச்சம்மா. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல தேனி வண்டி நிக்கிற எடத்துல வந்து கேளு என் கையப் பத்தி. பதினாலு வருசமா கொய்யா வெட்டுற கை. வெட்டி, விரிச்சு, உப்பு மொளகாப்பொடிய அப்பி, ஜன்னல் வழியா நீட்டி முடிச்சிருவேன், கண்டக்டரு இன்னும் உசிலம்பட்டி ஆண்டிபட்டி தேனி தேனி தேனின்னு மூக்கால கத்திக்கிட்டுத்தேன் இருப்பாரு. அவரு மாதிரியே நான் கத்தி, அத நம்பி வண்டியில ஏறி உக்காந்த ஆளுக இருக்காக. ஆனா கொய்யா நல்ல புள்ள, கத்தியக் கண்டா வாயத் தெறந்துரும். இது இரும்புல்ல. என் கடைக் குடையோட கம்பு இது. போன மாசக் காத்துல துணி கிழிஞ்சு புதுக் குடை வாங்கியாச்சு, கம்பு மட்டும் மிச்சம். எந் தங்கச்சி தமயந்தி கேட்டுட்டா, அக்கா அந்தக் கம்புல ஒரு துண்டு வெட்டிக் கொண்டா, எம் புள்ள தொட்டிலுக்கு அதுதேன் வேணும்னு. கட்டை வைக்காம கம்பியான்னு கேட்டாகளாம் அங்க, உசிலம்பட்டியில அவ மாமியா வீட்டுல. பச்சப்புள்ள பக்கத்துல இரும்பு இருந்தா காத்து கருப்பு அண்டாதுன்னு ஒரே போடாப் போட்டுட்டாளாம். எந் தங்கச்சில்ல. சேலையத் தொங்கவிட்டா அது ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு புள்ள மூஞ்சிய மூடிரும், அதுக்குத்தேன் குறுக்க ஒரு கம்பு குடுத்து விரிச்சு வைக்கிறது. அம்புட்டுத்தேன் கம்போட வேலை. அம்புட்டுத்தேனா. கம்போட ரெண்டு முனையும் சேலையத்தேன் அழுத்தி நிக்கும், முனை கூரா இருந்தா சேலை கிழியும், சேலை கிழிஞ்சா. போதும். அதுக்கு மேல நெனைக்காத ஒச்சம்மா. தொட்டில் போடுறது தாய்மாமன் பாத்தியம், எங்க ரெண்டு பேருக்கும் கூடப் பொறந்த ஆம்பள கெடையாது, அதனால தாய்மாமன் நாந்தேன். மீசை ஒண்ணுதேன் குறை. அதையும் மையில வரைஞ்சுக்கிட்டுப் போனா என்னன்னு எங்க வீட்டுக்காரர்ட்டக் கேட்டேன், மனுசன் தேனி லோடுக்குப் போகையில சிரிச்சுக்கிட்டே போனாரு, நேரா அங்க வந்துர்றேன்னு.

பாத்துச் செய்யி தாயி. இதத்தேன் சொல்லுச்சு குருவம்மா அத்தை, தமயந்தியோட மாமியா, நேத்து போன்ல. நாந்தேன் தொட்டில் கட்டப்போறேன் அத்தைன்னு சொன்னதும், பாத்துச் செய்யி தாயி. வச்சிருச்சு. நான் அத நேத்துல இருந்து அந்தம்மா குரல்லயே பண்ணிப் பண்ணிப் பாக்குறேன். பாத்துச் செய்யி தாயின்னு இழுத்துச் சொன்னா அது பாசம். பாத்துன்னு அங்கன ஒரு வெட்டு வெட்டிட்டுச் செய்யின்னு எறக்குனா அது மெரட்டல். தாயியில மூக்கு ஏறுச்சுன்னா நக்கல். ஒரு வாய்ல இருந்து வர்ற எந்தச் சத்தத்தையும் ஒரு தடவ கேட்டாப் போதும் எனக்கு, அப்பிடியே திருப்பிக் குடுத்துருவேன், ஆனா இது மட்டும் பிடிபட மாட்டேங்குது. பல்லு வெளக்குறப்ப ஒரு தடவ, டீ போடுறப்ப மூணு தடவ. தமயந்தி வளைகாப்பு அன்னைக்கும் இதே மாதிரிதேன். அவுக பக்கத்துப் பொம்பள ஒருத்தி, நீ சந்தனத்தக் கரைச்சுக் குடு, போதும், வளையல எங்காளுக போட்டுக்குருவோம்னா. அவ சொன்னதுல கூட ஒண்ணுமில்ல, நல்லாக் கரைச்சேன் சந்தனம், கட்டியில்லாம. குருவம்மா அத்தை அங்கனதேன் நின்னுச்சு, ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாதத எப்பிடி நான் திருப்பிப் பண்ணிப் பாக்குறது. சரி விடு. இப்ப கம்பி. இதுல என்னமாச்சும் ஆச்சுன்னா கம்பியச் சொல்ல மாட்டாய்ங்க, கையத்தேன் சொல்லுவாய்ங்க. புள்ள பெறாத கைன்னு. அதனால கம்பி சரியா இருக்கணும், சேலை சரியா இருக்கணும், நான் அஞ்சு வெரலோட போயி எறங்கணும்.

அஞ்சு வெரலுன்னதும் சேவுகன் ஞாபகம்தேன் வருது. தெருமுனையில ஜன்னல் கிரில் செய்யிறவன். விடிஞ்சதும் அவன்ட்டத்தேன் போனேன், வாக்கா, ரெண்டு செகண்டு வேலைன்னு கட்டிங் மிஷினத் தூக்கிட்டு வந்தான். வட்டத் தகடு சுத்துது, ஙீஈஈஈன்னு, கொசுவுக்கு யானை சைசுல தொண்டை குடுத்தா எப்பிடிக் கத்தும், அப்பிடி. எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, நானும் பக்கத்துல நின்னு ஙீஈஈஈன்னேன், அவனுக்கு எது மிஷினு எது நானுன்னு தெரியாம சுவிட்ச அமத்திட்டுப் பாக்குறான். தகட்டுக்கு மேல ஒரு மூடி இருக்கணுமேடான்னேன். அத எப்பவோ கழட்டிப் போட்டாச்சுக்கா, மறைக்குது. கண்ணுக்குக் கண்ணாடி. போட்டாக் கண்ணு தெரியலக்கா. அப்பத்தேன் அவன் கட்டைவெரலப் பாத்தேன், பாதிதேன் இருக்கு. எதுல போச்சுன்னேன், இதுலதேன்னு மிஷினத் தட்டிக் குடுக்குறான், வளத்த மாட்டத் தட்டிக் குடுக்குற மாதிரி. வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நீயே வெட்டிக்கக்கா, ஈசிதேன்னான். என் வீடு ஒத்த ரூமு. அதுக்குள்ள அடுப்பு, சிலிண்டரு, கட்டில், நான். பொறி பறக்குற சாமான சிலிண்டர் பக்கத்துல வச்சு ஙீஈஈஈ. நான் போட்டிருக்குறது தொளதொளன்னு நைட்டி. ஒரு ஓரத்த அது பிடிச்சுச்சுன்னா என்னையும் சேத்துச் சுத்திருமே, பஞ்சு மிட்டாய் சுத்துற மாதிரி. நெனச்சதும் கை நைட்டிய இறுக்கிப் பிடிச்சுக்கிருச்சு. பயமா, ஆசையா. ரெண்டு செகண்டுல முடியிற எதையும் நம்பக்கூடாது ஒச்சம்மா, ரெண்டு செகண்டுல வெரலும் முடிஞ்சிரும். இல்ல தம்பி, சத்தம் மட்டும் போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன். இரும்பு அறுக்குற ஆக்சா பிளேடு வாடகைக்குக் கேட்டேன், குடுத்தான், இந்தா இருக்கு. ரெண்டு இழுப்பு இழுத்தேன், கம்பி உருண்டை பாரு, வழுக்கி ஓடுது, பிளேடு துள்ளிக்கிட்டு நகக்கண்ணு கிட்ட வந்து நின்னுச்சு. கம்பி மேல ஒரு கோடு, வெக்கங்கெட்ட கோடு, கோணையா. நான் வெட்டுன கொய்யா எதுவும் இப்பிடிக் கோணுனது கெடையாது. பிடிக்கு ஒரு இடுக்கி இருந்தா ஆக்சாவும் நல்லதுதேன், இல்லாமப் பண்ணக்கூடாது, எடுத்து மூலையில வச்சாச்சு.

அப்பத்தேன் மாடியில மைதீன் எறங்கி வர்ற சத்தம். ஏசி மெக்கானிக்கு, செருப்பத் தேச்சுத் தேச்சு நடப்பான், சரக் சரக், அவன் வர்றதுக்கு முன்னாடியே நான் சரக் சரக்குன்னு சொல்லி அவன் பொண்டாட்டியச் சிரிக்க வைப்பேன். கம்பியையும் என்னையும் பிளேடையும் பாத்தான். ஒச்சம்மாக்கா, யார வெட்டப்போறீகன்னான். சொன்னேன். பையில இருந்து ஒரு சாமானத்த எடுத்தான். எலிப்பொறி சைசுதேன் இருக்கும், ஒரு பக்கம் ரெண்டு உருளை, எதுத்தாப்புல பொடிசா ஒரு சக்கரக் கத்தி, பின்னால திருகு. கம்பிய நடுவுல விட்டு, திருகச் சக்கரம் தொடுற வரைக்கும் முடுக்கி, ஒரு சுத்து சுத்தணும். திருகக் கொஞ்சம் முடுக்கு, மறுபடி சுத்து. தாமிரப் பைப்பு வெட்டுற சாமான்க்கா, உங்க கம்பும் உள்ள பொள்ளல், சன்னத் தகடுதேன், வெட்டிரும், ஆனா நேரமாகும். அவசரப்பட்டு ஓங்கி முடுக்குனீகன்னா கம்பி சப்பிப்போகும், சக்கரமும் பல்லு போயிரும். எட்டு மணிக்கு வேலைக்குக் கெளம்பணும், அதுக்குள்ள குடுத்துருங்கன்னான். எனக்கு அதப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. இது அன்னாசி சீவுற மாதிரி. அன்னாசிய ஓங்கி வெட்டுறவன் பாதிப் பழத்தத் தரைக்குக் குடுப்பான், சுத்திச் சுத்தி வர்றவன்தேன் பழத்தத் திம்பான். பொறி இல்ல, சத்தம் இல்ல, துள்ளல் இல்ல. அம்புட்டு மெதுவா வேலை பாக்குற சாமான் எதுவும் வெரலக் கேக்காது.

எங்க வெட்டுறது. மூணு சாண். தமயந்தி சொன்னது, மூணு சாண் அகலம் வேணும்க்கா, அத்தை அளந்து சொன்னாகன்னு. சாண் வச்சேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, சாக்பீசுல கோடு போட்டேன், சக்கரத்தக் கோட்டுல உக்கார வச்சேன். நிறுத்து. யாரு சாணு. என் சாணு கொய்யாக் கூடையத் தூக்கித் தூக்கி விரிஞ்ச சாணு, இட்லித் தட்டு அகலம். நீளம் கூடிப்போச்சுன்னா சேலை ரொம்ப விரிஞ்சு தொட்டில் தட்டு மாதிரி ஆயிரும், புள்ள உருண்டுரும். குறைஞ்சு போச்சுன்னா மூஞ்சிய மூடும். எட்டு மணிக்குச் சாமான் போயிரும், ஒரு வெட்டுத்தேன், ரெண்டாவது வெட்டு கெடையாது. தமயந்திக்குப் போன் போட்டேன், எடுக்கல, பால் குடுத்துக்கிட்டு இருப்பா. குருவம்மா அத்தைக்கே போடலாம். போட மாட்டேன். எத்தன சாண்னு கேட்டா இதுகூடத் தெரியாமயா கட்ட வந்தன்னு ஒரு மூச்சு விடும், அந்த மூச்ச நான் ஒரு வாரம் பண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கணும். கட்டில்ல உக்காந்து அந்தம்மா கைய நெனச்சேன். அது டம்ளர் பிடிக்கிறத நான் பண்ணிக் காட்டி தமயந்தி பொரையேறச் சிரிச்சிருக்கா. மூணு வெரல்ல பிடிக்கும், சுண்டுவெரலும் மோதிரவெரலும் உள்ளங்கையிலேயே சுருண்டு கெடக்கும், ராணி மாதிரி. முப்பது வருசம் வாழை இலைக் கட்டு தூக்குன கை. இருந்தாப்ல என் கை தானாச் சுருண்டுச்சு, டம்ளர் பிடிக்கிற மாதிரி. அப்பிடியே விரிச்சேன், அது விரிக்கிற மாதிரி. விரியல. சுண்டுவெரலு வர மாட்டேங்குது, கட்டைவெரல்ல இருந்து நடுவெரல் வரைக்கும்தேன் அந்தம்மாவோட சாணு. அது ராணி பிடி இல்லடி ஒச்சம்மா. விரிச்சு வச்சா வலிக்கும். வலிக்க வலிக்க மூணு தடவ வச்சு அளந்திருக்கு, பேரன் தொட்டிலுக்கு. அந்தக் கையோட, அந்தக் கை வலியோட, வாயத் தெறந்தேன். பாத்துச் செய்யி தாயி. வந்துருச்சு. நேத்துல இருந்து வராத அந்தச் சத்தம் அப்பிடியே வந்துருச்சு. மெரட்டலும் இல்ல, நக்கலும் இல்ல. பயம். தன் கையால செய்ய முடியாதத அடுத்தவுக கையில குடுக்குறப்ப வர்ற பயம். எனக்கு இருக்குற அதே பயந்தேன் அதுக்கும். எந்திரிச்சேன், குருவம்மா அத்தை கைய வச்சே அளந்தேன், ஒண்ணு, ரெண்டு, மூணு. பழைய கோட்ட எச்சியத் தொட்டு அழிச்சேன், புதுக் கோடு நாலு வெரக்கட உள்ள தள்ளி விழுந்துச்சு.

நைட்டிய மாத்தியாச்சு, வீட்டுக்காரர் பேண்டு, சட்டை, கைய முழங்கை வரைக்கும் மடிச்சு பட்டன் போட்டு, வளையலக் கழட்டி வச்சு, கண்ணுக்குப் பஸ் ஸ்டாண்டுல வாங்குன கூலிங் கிளாசு. கண்ணாடியில பாத்தா வில்லனோட அடியாளு. டேய் கம்பி, சத்தமில்லாம ரெண்டாப் போயிருன்னு அடித்தொண்டையில சொல்லிப் பாத்தேன். சைக்கிள் டியூப்ப வச்சுக் கம்பியக் கட்டில் காலோட சேத்து இறுக்கிக் கட்டியாச்சு, இனி உருளாது. சக்கரத்த மாட்டி, தொடுற வரைக்கும் திருகி, ஒரு சுத்து. ஒண்ணும் தெரியல. கொஞ்சம் முடுக்கு, ஒரு சுத்து. கிரிக்குன்னு சன்னமா ஒரு சத்தம், அணில் கொய்யாவக் கொறிக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, கிரிக் கிரிக். முடுக்கு, சுத்து. பேரு என்ன வைப்பாக. முடுக்கு, சுத்து. நான் பாக்கப் போனப்ப என் வெரல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல பய, மொளகாப்பொடி வாசம் போகல கையில, தும்முனான், அம்புட்டுப் பேரும் பதறுனாக, தும்முனவன் மறுபடி என் வெரலத்தேன் தேடுனான். முடுக்கு. ஏய், ஓங்கி முடுக்குறடி, சப்பிப்போகும். சுத்து. ஆசையில கை ஓடுது, கைய இழுத்து வைக்க வேண்டி இருக்கு, வண்டி கெளம்புறப்ப சில்லறை வாங்காம ஓடுற மனசு மாதிரி. கால் திருகு, ஒரு சுத்து. பள்ளம் விழுந்துருச்சு, வெள்ளி மோதிரம் போட்ட மாதிரி சுத்திவரப் பளபளங்குது, கோணலே இல்ல. டிக். அம்புட்டுத்தேன். துண்டு கையோட வந்துருச்சு. கத்தணும் போல இருந்துச்சு, யாரு மாதிரி கத்துறதுன்னு தெரியாம என் சொந்தச் சத்தத்துலயே கத்திட்டேன். மாடியில மைதீன் பொண்டாட்டி என்னாச்சுக்கான்னுச்சு. புள்ள பொறந்துருச்சுன்னேன்.

வெட்டு முனைய வெரலால தடவுனேன், சுரீர்னுச்சு. ரத்தம் இல்ல, ஆனா நகத்துக்கடியில இருந்த மொளகாப்பொடி உள்ள எறங்கிருச்சு. வெட்டு வெளிய வழுவழுன்னு இருக்கு, உள்பக்கம் ஒரு உதடு மாதிரி மடங்கி நிக்குது, அதுதேன் கடிக்குது. மைதீன் சாமான வாங்கிட்டுப் போகையில அதுலயே ஒரு மூணு மூலைத் தகட்ட வெளிய இழுத்துக் காட்டி, இதால உள்ள சுரண்டி எடுங்கன்னு ரெண்டு சுரண்டு சுரண்டிக் குடுத்தான். பெறகு உப்புத்தாள். தேச்சேன் தேச்சேன், கையே தெரியல. வெளக்குத்திரிப் பஞ்ச எடுத்து முனையச் சுத்தி இழுத்தேன், பொட்டு நூலு சிக்கல. எம் புத்தி யாருக்கு வரும். இனி சேலை. என் பழைய சுங்குடி, தொவச்சுத் தொவச்சு வெண்ணெயா ஆனது. மாட்டிப் பாத்துத்தேன் கொண்டு போகணும். எங்க மாட்டுறது. மேல பாக்கல நான். பாக்காமயே தெரியும், உத்தரத்துல ஒரு கொக்கி இருக்கு. குடி வந்தப்ப வீட்டுக்காரம்மா காட்டுச்சு, தொட்டிலுக்குன்னே போட்ட கொக்கி, உங்களுக்கும் ஒதவும்னு. நாலு வருசம் பாத்தேன், பெறகு வெங்காயக் கூடைய மாட்டிட்டேன், கொக்கிக்கும் வேலை வேணும்ல. ஸ்டூல் போட்டு ஏறிக் கூடைய எறக்குனேன். வெங்காயத் தோலு தலையெல்லாம். கொக்கிய ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கிப் பாத்தேன், என்னையே தாங்குது. சேலையக் கட்டுனேன், கம்பியக் குறுக்க குடுத்தேன், தொட்டில் விரிஞ்சு நின்னுச்சு. கை ஆட்டப் போயிருச்சு. ஆட்டக்கூடாது. வெறும் தொட்டில ஆட்டுனா அங்க புள்ளைக்கு வயித்த வலிக்கும்பாக. நான் இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லாதவதேன், ஆனா ஆட்ட மாட்டேன். அதுக்குத்தேன மொதல்ல கொழவிக்கல்லப் போட்டு ஆட்டுறது. என் அம்மியில இருந்த கல்ல எடுத்து, மொளகா வாசம் போகக் கழுவித் தொடச்சு, துணியச் சுத்தி உள்ள வச்சேன். அஞ்சு கிலோ இருக்கும், பய மூணே காலுதேன். ஒரு ஆட்டு. சர்ருனு ஒரு சத்தம். ஆட்டுன கையாலயே தொட்டிலப் பிடிச்சு நிறுத்துனேன். நான் தேச்ச முனை இல்ல, அங்கிட்டு இருக்குற முனை. குடைக்காரன் என்னைக்கோ வெட்டி விட்ட முனை, அதத் தொட்டுக்கூடப் பாக்கலயே நான். என் வெட்டையே கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன். சேலையில ஒரு இழை வெளிய வந்து நிக்குது, மீசை மாதிரி. பாத்துச் செய்யி தாயி, பாத்துச் செய்யி. கல்ல எறக்கி, கம்பிய எடுத்து, அந்த முனையையும் உள்ள வெளியன்னு தேச்சுத் தேச்சு, பஞ்சு மூணு தடவ. பத்தாது. இரும்புச் சேர் காலு ரெண்டுல இருந்து ரப்பர் குப்பியப் பிடுங்கி ரெண்டு முனைக்கும் தொப்பி போட்டேன், சிக்குன்னு பிடிச்சுக்கிருச்சு. இனி அந்தச் சேர்ல உக்காந்தா ஒரு பக்கம் சாயும், எங்க வீட்டுக்காரர்தேன் உக்காருவாரு, சாயட்டும். இழை போன எடத்த மேல ஏத்தி முடிச்சுக்குள்ள வச்சுக் கட்டி, மறுபடி கல்லு. ஆட்டுனேன். சத்தமில்ல. ஓங்கி ஆட்டுனேன். கொக்கி மட்டும் கீச்சு கீச்சுங்குது, பதினஞ்சு வருசம் கழிச்சு வாயத் தெறந்த மாதிரி.

போன் அடிக்குது. தமயந்தி நம்பர்தேன், பேசுறது குருவம்மா அத்தை. கம்பி ஆச்சா தாயி, மணி எட்டரையாச்சேன்னுச்சு. ஆச்சு அத்தைன்னு சொல்லத்தேன் வாயத் தெறந்தேன். தொட்டில் ஆடிக்கிட்டு இருக்கு, சுங்குடிப் புள்ளியெல்லாம் ஜன்னல் வெயில்ல போகுது வருது, உள்ள கல்லு துணியச் சுத்திக்கிட்டு உருண்டையா ஒருக்களிச்சுக் கெடக்கு. எங்கிட்டு இருந்து வந்துச்சோ. மெதுவாச் சொன்னேன்.

"சத்தம் போடாதீக அத்தை, இப்பத்தேன் கண்ணசந்துச்சு."

போச்சு, வாய வச்சுக்கிட்டு இருக்க மாட்டியா ஒச்சம்மா, கிறுக்கச்சின்னு நெனக்கப்போகுதுன்னு நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அங்க தூரத்துல பாத்திரம் வைக்கிற சத்தம், பய சிணுங்குற சத்தம். பெறகு அந்தம்மா பேசுச்சு, காதுக்குள்ள, புள்ள எந்திரிச்சிரும்னு பயந்து பேசுற மாதிரி அம்புட்டு சன்னமா.

"சரி தாயி, சரி. நிறுத்திறாத. ஆட்டிக்கிட்டே இரு, நல்லா அசரட்டும். நீ வந்து கட்டுனப்பெறகுதேன் இங்க எவளும் தொட்டிலத் தொடுவா."

வச்சிருச்சு. எட்டு அம்பதுக்கு உசிலம்பட்டி வண்டி, அத விட்டா ஒம்பது அஞ்சு இருக்கு, அது எறக்கி விட்டாலும் பத்தரைக்கு முன்னாடிதேன். உடுப்பும் மாத்தணும், பேண்டோட போனா உண்மையிலேயே தாய்மாமன்னுருவாய்ங்க. தொட்டில் சேலைய அவுக்கணும், கம்பியத் துணியில சுத்தணும், தலையில வெங்காயத் தோலு. எட்டு அம்பது போகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டிட்டு. ஒம்பது அஞ்சுக்குப் போவோம்.